பதினொரு சிவப்புக் குறிகள்

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஏறக்குறைய ஆறு மாதம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மகனின் தோலில் இருந்த கரப்பானுக்காக (எக்ஸிமா) அவனுக்கு ஒன்றரை வயதில் எடுத்த ஒவ்வாமை இரத்தப் பரிசோதனை அறிக்கையின் மூன்றாம் பக்கம் அது. பால், முட்டை வெள்ளைக்கரு, கோதுமை, நிலக்கடலை, துவரை, உளுந்து, எள், சோயா, இறால், கத்திரிக்காய், தக்காளி என்று பதினொரு பெயர்களுக்கு எதிரே சிவப்பு மையில் எண்கள் அச்சாகியிருந்தன. இறாலை அவன் அதுவரை கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பதினொன்றையும் நிறுத்தினோம். உளுந்தும் துவரையும் பாலும் கோதுமையும் இல்லாமல் மதுரையில் ஒரு குழந்தைக்கு எதை ஆக்கிப் போடுவது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அரிசிக் கஞ்சி, கேழ்வரகுக் கூழ், வாழைப்பழம், உருளைக்கிழங்கு என்று நான்கு பொருள்களைச் சுற்றியே நாள்கள் போயின. கரப்பான் குறையவில்லை. எடை மட்டும் 9.4 கிலோவில் நின்றுவிட்டது. மாதாமாதம் தராசில் ஏற்றி இறக்கினாலும் முள் அதே இடத்தில்தான் நின்றது.

ஒவ்வாமை மருத்துவரிடம் எப்போது போக வேண்டும் என்று இப்போது என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். நான் மருத்துவர் அல்லள். போக வேண்டிய நேரத்தில் போகாமலும், தேவையில்லாத நேரத்தில் தேவையில்லாத சோதனையைச் செய்தும் ஓராண்டை வீணாக்கிய ஒரு தாய். அந்த அளவில்தான் இதை எழுதுகிறேன்.

கன்னத்தில் சிவப்பாகத் தொடங்கியபோது அவனுக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஆறாம் மாதத்தில் முழங்கை, முழங்கால், கழுத்து மடிப்பு என்று பரவி நீர் கசிந்தது. இரவில் தொட்டில் கயிறு அசைகிறதா என்று பார்க்க வேண்டியதே இல்லை. நகம் துணியில் உரசும் ஓசையே என்னை எழுப்பிவிடும். காலையில் தலையணை உறையில் சிறு சிறு இரத்தப் புள்ளிகள் இருக்கும். அம்மாச்சி இதைக் கரப்பான் என்றார். அந்தப் பெயரில் தவறேதும் இல்லை. ஆனால் கரப்பான் என்ற சொல் நம் வீடுகளில் தனியே வருவதில்லை, கரப்பான் பண்டம் என்ற இன்னொரு சொல்லையும் கையோடு இழுத்துக்கொண்டு வருகிறது. கத்திரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது, பால் கொடுக்கும் தாய்க்கு மீன் ஆகாது. நோய் தோலில் இருக்க, வீட்டார் அனைவரின் கண்ணும் தட்டின் மேல் இருக்கும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த எங்களுக்கு, எந்த உணவு என்று கண்டுபிடித்துவிட்டால் போதும் என்று தோன்றியதில் வியப்பில்லை.

தோல் மருத்துவர் ஒருவரை முதலிலேயே பார்த்திருந்தோம். அவர் ஈரப்பதம் காக்கும் களிம்பும் மிதமான ஸ்டீராய்டு களிம்பும் எழுதிக்கொடுத்தார். நாங்கள் என்ன செய்தோம்? ஐம்பது கிராம் குழாய் ஒன்றை ஒரு மாதத்துக்கு வைத்துக்கொண்டோம். ஸ்டீராய்டு என்ற சொல்லுக்குப் பயந்து, எழுதிக்கொடுத்ததில் கால்வாசியை இரண்டு நாள் தடவிவிட்டுச் சிவப்பு சற்று மங்கியதும் நிறுத்தினோம். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2007-இல் குழந்தைகளுக்கான கரப்பான் சிகிச்சை வழிகாட்டுதலை வெளியிட்டபோது, ஈரப்பதக் களிம்பு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை வேண்டும் என்று சொன்னது. மாதத்துக்கு அன்று, வாரத்துக்கு. ஸ்டீராய்டு களிம்புக்கும் விரல்நுனி அளவு என்று ஒரு கணக்கு உண்டு: பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் கணு வரை பிதுக்கிய களிம்பு சுமார் அரைக் கிராம், அது விரல்களும் சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவுள்ள தோலுக்குப் போதும். இந்தக் கணக்கு எதுவும் தெரியாமல், மருந்து கேட்கவில்லை என்று முடிவுகட்டியவர்கள் நாங்கள். நான் பிறகு பேசிப்பார்த்த பெற்றோரில் பலரும் இதே இடத்தில்தான் தடுக்கியிருந்தார்கள்.

ஸ்டீராய்டைக் கண்டு அஞ்சுவதில் முழுத் தவறும் நம்முடையது என்றும் சொல்லமாட்டேன். பூஞ்சை மருந்து, நுண்ணுயிர்க்கொல்லி, மிக வீரியமான ஸ்டீராய்டு மூன்றையும் ஒரே குழாயில் அடைத்து மருந்துக் கடைகளில் கேட்டவர்க்கெல்லாம் விற்று, முகத்தின் தோல் மெலிந்து சிவந்துபோனவர்களை நம் நாடு நிறையப் பார்த்திருக்கிறது. 2018-இல்தான் நடுவண் அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் மருத்துவர் அளந்து கொடுத்ததை அளவாகத் தடவாமல் விடுவதற்கு அது காரணமாகாது.

இனி, பாயசம். மகனுக்குப் பதினான்கு மாதம் ஆனபோது உறவினர் வீட்டு நிச்சயதார்த்தம் ஒன்றில் சேமியா பாயசம் இரண்டு கரண்டி ஊட்டினேன். இலையை மூடுவதற்குள் உதடு தடித்தது, காது சிவந்தது, வயிற்றிலும் முதுகிலும் கொசு கடித்தாற்போல் வெள்ளை வெள்ளையாகத் தடிப்பு எழும்பியது, இரண்டு முறை வாந்தி எடுத்தான். யாரோ கொடுத்த அலர்ஜி சிரப்பில் ஒரு மணி நேரத்தில் அடங்கியது. அம்மாச்சி, "கரப்பான் பொங்கிருச்சு, பால் சேரலை போல" என்றார். நானும் தலையாட்டினேன். அன்று காலையில்கூட அவன் ஒரு குவளைப் பால் குடித்திருந்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஒவ்வாமை மருத்துவரைத் தேடிப் போயிருக்க வேண்டிய நாள் அதுதான். இரத்தம் கசியக் கசியச் சொறிந்த இரவுகளைவிட, அரிப்பே பெரிதாக இல்லாத அந்த ஒரு மணி நேரம்தான் ஒவ்வாமை மருத்துவத்துக்கு உரியது. அது எனக்குப் பத்து மாதம் கழித்து, சென்னையில் ஒவ்வாமை பார்க்கும் ஒரு குழந்தை மருத்துவரின் மேசைக்கு எதிரே அமர்ந்தபோதுதான் விளங்கியது.

இடையில் அந்தப் பரிசோதனை நடந்தது. தோல் மிகவும் மோசமான ஒரு வாரத்தில், தெரிந்தவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, ஆய்வகத்திலிருந்து ஆள் வீட்டுக்கே வந்து இரத்தம் எடுத்துச் சென்றார். தொண்ணூற்றுச் சொச்சம் பொருள்களுக்கு ஒரே மூச்சில் சோதனை. எந்த மருத்துவரும் அதைக் கேட்டு எழுதவில்லை, வந்த அறிக்கையை எந்த மருத்துவரும் எங்களுக்கு விளக்கவும் இல்லை. சிவப்பாக இருந்ததை நிறுத்துங்கள் என்று தொலைபேசியில் ஒரு குரல் சொன்னது, அவ்வளவுதான்.

எடை ஏறாததைக் கண்ட எங்கள் குழந்தை மருத்துவர்தான் சென்னைக்கு எழுதிக்கொடுத்தார். பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் அவன் கையைப் பிடித்துக்கொண்டே போனோம். அந்தச் சென்னை மருத்துவர் அறிக்கையை வாங்கி ஒருமுறை புரட்டிவிட்டு மேசை ஓரத்தில் கவிழ்த்து வைத்தார். பிறகு முக்கால் மணி நேரம் கேள்விகள். என்ன சாப்பிட்டான் என்பதைவிட, "சாப்பிட்டு எத்தனை நிமிஷத்துல வந்துச்சும்மா?" என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார். நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி, இருமல், மூச்சிரைப்பு என்று வருவது ஒரு வகை. சாப்பிட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ கரப்பான் கூடுவது இன்னொரு வகை. முன்னதில்தான் ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளுக்கு நேரடி வேலை. கரப்பானோ வெயில், வியர்வை, சளி, சோப்பு, தடவாமல் விட்ட களிம்பு என்று எதனாலும் கூடும். தினமும் மூன்று வேளை சாப்பிடும் குழந்தைக்கு எந்த நாளில் அரிப்பு கூடினாலும் அதற்கு முன் ஏதாவது ஓர் உணவு இருக்கத்தானே செய்யும்.

பாயசத்தைச் சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்தார். பால் அதற்கு முன்பும் குடித்தான். சேமியா உப்புமா சாப்பிட்டிருக்கிறான். நெய், ஏலம், திராட்சை எல்லாம் பழகியவை. "முந்திரி?" என்றார். அவனுக்கு அதுதான் முதல்முறை. நெய்யில் வறுத்து ஒடித்துப் போட்ட முந்திரி. எங்கள் அறிக்கையில் முந்திரியும் இருந்தது. சிவப்பில் இல்லை, அதற்குக் கீழே ஒரு சிறிய எண்ணோடு கறுப்பு மையில் கிடந்தது.

அன்றே முன்கையில் குத்திப் பார்க்கும் சோதனை செய்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே அரிப்பு மருந்துகளை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள்; இல்லாவிட்டால் தோல் எதற்கும் பதில் சொல்லாது. கரப்பான் இல்லாத இடமாகப் பார்த்து, பேனாவால் எண் எழுதி, ஒவ்வோர் எண்ணுக்கருகிலும் ஒரு துளி விட்டு, சிறு ஊசிமுனையால் மேலாகக் குத்தினார்கள். ஒரு துளி ஹிஸ்டமின், ஒவ்வாமையின்போது உடலே சுரக்கும் பொருள்; அது கட்டாயம் தடிக்க வேண்டும். ஒரு துளி உப்புநீர், அது தடிக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே வைத்துத்தான் மற்றவற்றைப் படிக்கிறார்கள். கால் மணி நேரத்தில் முந்திரித் துளியின் இடத்தில் மொச்சைக்கொட்டை அளவுக்கு வெளுத்து எழும்பியது. மொத்தம் ஆறே துளிகள்தான் வைத்தார்கள். தொண்ணூறு பொருள் பார்த்த எங்களுக்கு இது குறைச்சலாகத் தெரிந்தது. "கேள்வி இருக்கறதுக்கு மட்டும்தான் சோதனை" என்றார் அவர்.

அறிக்கையைப் பற்றி அவர் விளக்கியதை இங்கே என் சொற்களில் தருகிறேன். கடுமையான கரப்பான் உள்ள குழந்தையின் இரத்தத்தில் ஐஜிஇ பொதுவாகவே மிகுந்திருக்கும். என் மகனுக்கு மூவாயிரத்தைத் தாண்டியிருந்தது. அப்படிப்பட்ட இரத்தத்தில் எதைத் தேடினாலும் கொஞ்சம் அகப்படும். அகப்படுவது, உடல் அந்தப் பொருளை அடையாளம் கண்டிருக்கிறது என்பதற்குச் சான்று. சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது என்பதற்குச் சான்றாகாது. கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: உணவுப் பொருள்களுக்கு எதிரான ஐஜிஇ இரத்தத்தில் இருந்தவர்கள் 26.5 விழுக்காடு, உண்மையில் உணவு ஒவ்வாமை இருக்கக்கூடியவர்கள் 1.2 விழுக்காடு. நூறு பேரில் இருபத்தைந்து பேரைக் காரணமில்லாமல் பட்டினி போடும் சோதனையாக அது எளிதில் மாறிவிடும். இதிலும் மோசமானது ஐஜிஜி எதிர்ப்பொருளை அளந்து நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு மதிப்பெண் போடும் சோதனை. ஐஜிஜி இருப்பது அந்த உணவைச் சாப்பிட்டுப் பழகியதன் அடையாளம் மட்டுமே.

என்னை உண்மையில் கலங்கவைத்தது அடுத்து அவர் சொன்னது. சாப்பிட்டுக்கொண்டிருந்த உணவைக் கரப்பானுக்காக நெடுநாள் நிறுத்தினால், உடலின் பழக்கம் விட்டுப்போய், பிறகு கொடுக்கும்போது முன்பு இல்லாத உடனடி ஒவ்வாமை தலைகாட்டலாம். அமெரிக்காவில் 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், அதற்கு முன் உடனடி ஒவ்வாமை எதுவும் காட்டியிராத குழந்தைகளில், கரப்பானுக்காக உணவை விலக்கிய பிறகு 19 விழுக்காட்டினருக்கு அது புதிதாக வந்திருந்தது. சிலருக்கு உயிருக்கு ஆபத்தான அளவில். ஆகவே நிறுத்தியவற்றை வீட்டிலேயே ஒன்றொன்றாகத் தொடங்கிவிடாதீர்கள் என்றார். நிறுத்துவது என்பது ஏதோ தீங்கில்லாத முன்னெச்சரிக்கை, பலிக்காவிட்டால் திரும்பத் தொடங்கிக்கொள்ளலாம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

தோல் முதலில் பழுதாகிறது, ஒவ்வாமை பின்னால் வருகிறது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் வரிசை. தோலின் மேலடுக்கைச் செறிவாகக் கட்டும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் பிறவிக் குறை உள்ளவர்களுக்குக் கரப்பான் மிகுதியாக வருகிறது என்று 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஓடு நகர்ந்த கூரையில் தண்ணீர் இறங்குவதுபோல் அந்தத் தோல் வழியே உணவுத் துகள்கள் உள்ளே போகின்றன. வாய் வழியே போனால் பழகிக்கொள்ளும் உடல், தோல் வழியே வந்ததைப் பகையாக எண்ணுகிறது. ஜப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த ஒரு முகச் சோப்பைப் பயன்படுத்தியவர்களில் ஈராயிரம் பேருக்கு மேல், அதுவரை நன்றாகச் சாப்பிட்டுவந்த கோதுமை ஒத்துக்கொள்ளாமல் போனது. இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் குளியலறையின் கடலைமாவு டப்பா நினைவுக்கு வந்தது. புண்ணான தோலில் உணவு மாவு எதையும் தேய்க்க வேண்டாம் என்று மருத்துவரும் சொன்னார். அன்றோடு அந்த டப்பா சமையலறைக்கே திரும்பியது.

இந்த வரிசை தெரிந்தால் கைக்குழந்தை விஷயத்தில் நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதும் தெரியும். மெல்போர்னில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், மூன்று மாதத்துக்கு முன்பே கரப்பான் தொடங்கி, மருத்துவர் எழுதிய ஸ்டீராய்டு களிம்பும் தேவைப்பட்ட குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஒரு வயதில் உணவு ஒவ்வாமை உறுதியானது. லண்டனில் கிடியன் லாக் தலைமையில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள, நான்கு முதல் பதினொரு மாத வயதுடைய 640 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நிலக்கடலையைத் தொடர்ந்து கொடுத்தார்கள், மறுபாதிக்கு அறவே விலக்கினார்கள். ஐந்து வயதில், விலக்கியவர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நிலக்கடலை ஒவ்வாமை, சாப்பிட்டவர்களில் 3.2 விழுக்காட்டினருக்கு மட்டுமே. இரண்டே ஆண்டில் அமெரிக்க வழிகாட்டுதல் மாறியது: கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கு நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் சோதித்துப் பார்த்து, இயலுமானால் நிலக்கடலையைத் தொடங்கிவிட வேண்டும், முழுக் கடலையாக அன்றி அரைத்து. அந்த வயதில் நாங்கள் முட்டையையும் கடலையையும் இரண்டு வயது வரை தள்ளிப்போடுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஏதோ ஓர் உணவு உள்ளே போன இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்போ வீக்கமோ வாந்தியோ வந்திருந்தால், கரப்பான் எவ்வளவு லேசாக இருந்தாலும் போங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் கரப்பான் கடுமையாக இருந்தால், புது உணவு தொடங்கும் முன் போங்கள். களிம்புகளை உண்மையிலேயே போதிய அளவு, போதிய நாள் தடவியும் அடங்காமல், கூடவே விடாத வாந்தியோ வயிற்றுப்போக்கோ எடைக்குறைவோ இருந்தால் போங்கள். கரப்பானோடு மூச்சிரைப்பும் சேர்ந்திருந்தாலும் போங்கள். எந்த உணவையாவது வாரக்கணக்கில் நிறுத்த நினைத்தால், நிறுத்துவதற்கு முன் போங்கள். வெறும் அரிப்பும் வறட்சியும் மட்டும் என்றால் தோல் மருத்துவரிடம், களிம்புக் குழாய்களையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை குழாய் காலியாயிற்று என்பதுதான் அவருக்கு முதலில் தெரிய வேண்டியது.

சில வேளைகளில் இந்த இருவரில் எவருக்காகவும் காத்திருக்கக் கூடாது. கரப்பான் திட்டுகளின் மேல் ஒரே அளவிலான கொப்புளங்களோ, துளையிட்டாற்போன்ற சிறு புண்களோ கொத்துக் கொத்தாகக் கிளம்பி, வலியும் காய்ச்சலும் வந்தால் அது ஹெர்ப்பிஸ் வைரஸ் தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனை. சாப்பிட்டதும் மூச்சு திணறினாலோ குழந்தை துவண்டாலோ 108.

பெரியவர்களுக்கு இன்னொரு கதவும் உண்டு. இத்தனை ஆண்டு முழங்கை மடிப்பில் இருந்த கரப்பான் திடீரென்று இமை, கழுத்து, கை என்று இடம் மாறினால், காரணம் தோலில் படும் ஏதோ ஒன்றாக இருக்கலாம்: வாசனைப் பொருள், தலைச்சாயம், சில வேளை தடவும் களிம்பேகூட. அதற்குக் குத்திப் பார்க்கும் சோதனை உதவாது. முதுகில் பொருள்களை ஒட்டி 48 மணி நேரம் கழித்துப் பிரித்து, மீண்டும் ஓரிரு நாள் கழித்துப் பார்க்கும் ஒட்டுச் சோதனை வேண்டும், அதைச் செய்பவர் தோல் மருத்துவர். என் மாமா ஒருவருக்கு முகமும் கழுத்தும் ஆண்டுதோறும் வெந்ததுபோல் ஆனதற்குக் காரணம், வயலோரம் வெள்ளைப் பூப் பூத்து நிற்கும் பார்த்தீனியம். அவரும் பல ஆண்டு கத்திரிக்காயைத்தான் குறைசொல்லிக்கொண்டிருந்தார்.

யாரிடம் போவது என்பது நம் ஊரில் எளிய கேள்வி அன்று. குழந்தை மருத்துவர், நுரையீரல் மருத்துவர், தோல் மருத்துவர் என்று பலரும் கூடுதல் பயிற்சி பெற்றுத்தான் ஒவ்வாமையைப் பார்க்கிறார்கள். பெயர்ப்பலகையில் அலர்ஜி என்று எழுதியிருப்பதை நான் இப்போது பொருட்படுத்துவதில்லை. உங்களிடம் உணவைக் கொடுத்துப் பார்க்கும் சோதனை உண்டா, கடும் ஒவ்வாமையில் உயிர்காக்கும் ஊசி மருந்தான அட்ரினலின் கைவசம் வைத்திருக்கிறீர்களா என்று வரவேற்பில் கேட்பேன். கேள்வியே புரியாத இடங்களைத் தவிர்த்துவிடலாம்.

அந்தச் சோதனைக்கு நாங்கள் மூன்று முறை போனோம். அதற்கு முன் ஆறு வாரம், தோலை ஓரளவு அடக்கிவிட்டு வரச்சொன்னார். வாரத்துக்குக் கால் கிலோ களிம்பு, இரவில் ஈரத்துணிச் சுற்று, அளந்து தடவிய ஸ்டீராய்டு. ஓர் உணவையும் புதிதாக நிறுத்தாமல், ஓர் உணவையும் தொடங்காமல், அந்த ஆறு வாரத்தில்தான் அவன் பிறந்ததிலிருந்து முதன்முறையாக விடியும் வரை தூங்கினான்.

முதலில் பால். கட்டிலின் தலைமாட்டில் ஒரு சிறிய ஊசிக்குழல் நிரப்பி வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் ஒட்டிய பிளாஸ்திரியில் அட்ரினலின் 0.1 மில்லி என்று எழுதியிருந்தார்கள், பத்துக் கிலோ எடைக்கான அளவு அது. அரை மில்லி பால், இருபது நிமிடம் காத்திருப்பு, ஒரு மில்லி, மீண்டும் காத்திருப்பு என்று ஏறி ஏறி, மதியத்துக்குள் ஒரு குவளை. ஒன்றும் ஆகவில்லை. அடுத்த முறை நிலக்கடலை, அதுவும் ஒன்றும் செய்யவில்லை. கோதுமை, பருப்பு முதலிய மற்றவற்றை, எண்களையும் பழைய கதையையும் பார்த்து, எந்த வரிசையில் எவ்வளவு என்று எழுதிக்கொடுத்து வீட்டிலேயே தொடங்கச் சொன்னார்.

மூன்றாம் முறை முட்டை. பதினொரு மாதத்தில் வேகவைத்த முட்டையை எந்தத் தொல்லையும் இல்லாமல் சாப்பிட்டவன் அவன். வெள்ளைக்கருவில் மிளகளவு, கடலையளவு என்று போய், மூன்றாம் அளவில் வாயைச் சுற்றிச் சிவந்து, கழுத்தில் நான்கு தடிப்புகள் எழும்பின. மருத்துவர் அங்கேயே நிறுத்தி, மருந்து கொடுத்து, மாலை வரை எங்களை அனுப்பவில்லை. நாங்கள் ஆறு மாதம் நிறுத்தியதால்தான் இது வந்ததா என்று கேட்டேன். "அப்படின்னு என்னால சொல்ல முடியாதும்மா. அப்படி இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார். மாவோடு சேர்த்து நெடுநேரம் சுட்ட முட்டையைப் பெரும்பாலான குழந்தைகள் தாங்கிக்கொள்வார்கள் என்பதால், அடுத்த முறை கேக்கில் பார்க்கலாம் என்று தேதி கொடுத்தார்.

முந்திரியைக் கொடுத்துப் பார்க்கவே இல்லை. பாயசமே போதிய சோதனை என்றார். முந்திரியோடு பிஸ்தாவும் கூடாது, இரண்டும் நெருங்கிய உறவு. மாமரமும் அதே குடும்பம்தான் என்றாலும், மாம்பழத்தை அவன் சப்பிச் சப்பிச் சாப்பிடுகிறவன், அதை நிறுத்த வேண்டாம் என்றுவிட்டார். குளிர்சாதனப் பெட்டியின் கதவிலிருந்த தாளைக் கிழித்துவிட்டு இப்போது அங்கே வேறொன்றை ஒட்டியிருக்கிறோம்: பொங்கல், கேசரி, குருமா, லட்டு, பாயசம். அம்மாச்சிக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். போன வாரம் கோயிலில் கொடுத்த சர்க்கரைப் பொங்கலை வாங்கி, தொன்னையின் அடி வரை விரலால் துழாவிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பருப்பு கெடக்கு, வேணாம்" என்று அவர் திருப்பிக் கொடுத்தார்.